மான் வேட்டை பழகணுமா? பொருநைக் கரையில் இருந்து ஒரு பதில்

1/
சர்க்கரை நோயில் "அடல்ட் ஆன்செட்" என்று ஒரு வகை சொல்வோம். சின்ன வயசில் இல்லாமல் வளர்ந்த பிறகு வருவது. அமெரிக்காவில் இப்போது "அடல்ட் ஆன்செட் ஹன்டர்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்பா, தாத்தா யாரும் துப்பாக்கி தொட்டதில்லை. முப்பது, நாற்பது வயசில் தானாகப் போய் மான் வேட்டை பழகுகிறவர்களுக்கு அந்தப் பெயர். வகுப்பு, லைசென்ஸ் எல்லாம் உண்டு.

2/
அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம்ம பிள்ளைகள் கேட்கிறார்கள். "டாக்டர், அங்க செய்றத இங்க ஏன் செய்யக்கூடாது? நம்ம முன்னோரும் வேட்டையாடினவங்கதானே?"

நியாயமான கேள்வி. "சட்டம் இருக்கு, உள்ள போயிருவ" என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை திருநெல்வேலிச் சீமையை வைத்தே சொல்லிவிடலாம். நீளம்தான். பொறுமையா வாங்க.

3/
ஆதிச்சநல்லூரில் இருந்து ஆரம்பிப்போம். 1899ல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டத் தொடங்கினார். தாழிகளோடு இரும்பு அம்பு முனைகள், ஈட்டிகள், வாள்கள் கிடைத்தன. 2004ல் மறுபடியும் தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், பக்கத்தில் மான், கொக்கு, முதலை என்று புடைப்பாகச் செய்திருந்தார்கள். அந்த அகழாய்வில் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று பின்னால் ஆய்வில் வந்தது.

அம்பும் அங்கேதான், மானும் அங்கேதான். ஆக, "முன்னோர் வேட்டையாடினார்கள்" என்பதில் சந்தேகமே வேண்டாம்.

4/
இப்போ கொஞ்சம் டாக்டர் பேச்சு.

ஓட்டத்தில் மானை நம்மால் ஜெயிக்க முடியாது. இரலைமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை பாயும். ஆனால் நம்மிடம் ஒன்று இருக்கிறது. வியர்வை! மான் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நாலுகால் பாய்ச்சலில் இருக்கும்போது அப்படி இரைக்கவும் அதற்குத் தோதுப்படாது. நாம் ஓடிக்கொண்டே வியர்த்துக் குளிர்வோம். உச்சி வெயிலில் விடாமல் மணிக்கணக்கில் பின்னால் போனால் மான் சூடேறி நின்றுவிடும். மனித உடம்பே நெடுந்தூர ஓட்டத்துக்கு வார்த்த உடம்பு என்று 2004ல் பிராம்பிள், லீபர்மேன் என்ற இருவர் நேச்சர் இதழில் எழுதினார்கள். கலஹாரி பாலைவனத்தின் சான் மக்கள் இப்படி வேட்டையாடியது படமாகவே இருக்கிறது.

5/
இதில் காலை விட முக்கியம் கண்ணும் மூளையும். மான் பார்வையில் இருந்து மறைந்த பிறகு அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தெரியணும். குளம்புத் தடம் இன்றைக்கு விழுந்ததா, நேற்று விழுந்ததா? புழுக்கை ஈரமா, காய்ந்ததா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நம் வாடை அதற்குப் போகுமா? மந்தி ஏன் திடீரென்று கத்துகிறது?

புள்ளிமான், மிளா, கேளையாடு, சருகுமான், சமவெளியில் இரலை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம். மானுக்குச் சிவப்பு நிறம் நமக்குத் தெரிவது போலத் தெரியாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பளீரென்று ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போவது இந்தத் தைரியத்தில்தான்.

வேட்டையில் முக்கால்வாசி இந்தப் படிப்புதான். கொல்வது கடைசி ஒரு நிமிஷம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

6/
அடுத்து பாளையக்காரர் காலம். சாலிகுளம் காட்டில் வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்த, ஓரிடத்தில் முயல் திரும்பி நின்று நாய்களைத் துரத்தியதாம். அந்த வீரமண்ணில் எழுந்ததுதான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை என்று கதை. கோட்டைக்கே வேட்டைதான் பிறப்புக் கதை! கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் எல்லாம் இந்தக் கரிசல் வெளியில் முயலையும் மானையும் ஓடிப் பிடிக்க வளர்த்த சாதிதான்.

7/
1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 டிசம்பரில் கம்பெனி ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விட்டார். கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. 1878ல் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. பிறகு 1882ல் சென்னை வனச் சட்டம். மலைக்காடு ரிசர்வ் ஆனது.

அதாவது மானுக்காக முதல் தடை வரவில்லை. நம்ம ஆள் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பதற்காக வந்தது.

8/
அப்புறம் யார் வேட்டையாடினார்கள்? சீமையில் இருந்து கப்பலில் வந்து இறங்கிய இருபத்து சொச்சம் வயசு துரைகள். ஜமீன்தார்கள். நம்ம நாட்டின் "அடல்ட் ஆன்செட்" வேட்டைக்காரர்கள் இந்தத் துரைகள்தான்! பலருக்குக் காடே புதுசு. கற்றுக்கொடுத்தது யார்? உள்ளூர்த் தடம் பார்க்கிறவர், மலைவாசி. மான் இருக்கும் இடத்தை அவர் காட்டுவார், துரை சுடுவார். கொம்பு பங்களாச் சுவருக்குப் போகும், பெயர் துரையின் புத்தகத்தில் வரும். காட்டியவர் பெயர் அநேகமாக எங்கேயும் இருக்காது.

1912ல் காட்டு விலங்குச் சட்டம் வந்தது. மான்களைச் சுடக்கூடாத மாதங்களை அரசு குறிக்கலாம் என்றது. அப்பவே குறையத் தொடங்கியதை உணர்ந்துவிட்டார்கள்.

9/
சனங்களுக்கு வேட்டை சாமியிடம் மிச்சம் இருந்தது. கொடையில் சுடலைமாடன் நடுச்சாமத்தில் பந்தம் பிடித்து வேட்டைக்குப் போவார், நம்மில் பலர் பார்த்து வளர்ந்ததுதான். கோவில்களில் பரிவேட்டை நடக்கும். காட்டுக் காவல் சாஸ்தாவுக்கு. வேட்டை என்ற சொல் நம்ம நாக்கில் இன்னும் ஈரமாக இருக்கக் காரணம் இதுதான்.

10/
சுதந்திரத்துக்குப் பிறகுதான் பெரிய அடி. நாடு முழுக்க நடந்தது. ஜீப் வந்தது, ராத்திரியில் கண்ணைக் கூசவைக்கும் ஸ்பாட் லைட் வந்தது, பயிர்க் காவலுக்கு என்று துப்பாக்கிகள் வந்தன. வெளிச்சம் பட்டால் மான் உறைந்து நிற்கும். தடம் பார்க்க வேண்டாம், காற்றுப் பார்க்க வேண்டாம், நடக்கவே வேண்டாம்.

5ல் சொன்னேனே, அந்த முக்கால்வாசிப் படிப்பு, அது தேவையே இல்லாமல் போனது. மானைப் பல தலைமுறை காப்பாற்றியது மனுசனின் கருணை இல்லை. வேட்டை கஷ்டமாக இருந்ததுதான். கஷ்டம் போனது, மானும் போனது. சமவெளியெல்லாம் மந்தையாகத் திரிந்த இரலை அங்கங்கே திட்டுத் திட்டாக ஒடுங்கியது.

11/
1972ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம். அப்பவும் லைசென்ஸ் வேட்டைக்கு இடம் வைத்திருந்தார்கள். 1991 திருத்தம் அதையும் எடுத்தது. இன்றைக்குச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, முயற்சி செய்வதும் சேர்த்திதான். முதல் அட்டவணையில் உள்ள இரலைமானுக்கு 3 முதல் 7 வருசம் வரை சிறை.

12/
முண்டந்துறை 1962லேயே புலிகள் சரணாலயம். 1976ல் களக்காடு. இரண்டும் சேர்ந்து 1988ல் புலிகள் காப்பகம். அங்கே மிளாவும் புள்ளிமானும் புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. நாம் போய்ப் பங்கு கேட்க வேண்டியதில்லை.

கீழே சமவெளியில், தூத்துக்குடி ரோட்டில், வல்லநாடு. 1987ல் சரணாலயம். மொத்தமே 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் இயற்கையாக இரலை வாழும் தென்கோடி இதுதான். ஆதிச்சநல்லூர் ஒன்றும் தூரம் இல்லை. ஓட்டில் மான் செய்தவர்களின் ஊருக்குப் பக்கத்தில், உயிரோடு ஒரே ஒரு மலைதான் மிச்சம்.

13/
"அப்போ அமெரிக்காவில் மட்டும்?"

அவர்களும் அழித்தவர்கள்தான். 1900 வாக்கில் வெள்ளைவால் மான் சில லட்சமாகக் குறைந்தது. மான் கறி வியாபாரத்தை ஒடுக்கினார்கள். 1937ல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே திருப்பினார்கள். இன்று சுமார் 3 கோடி மான். பல மாநிலங்களில் ஓநாயே இல்லை. ஓநாய் செய்த வேலையை மனுசன் செய்கிறான், அதற்குத்தான் வகுப்பு. 3 கோடிக்குப் போட்ட கணக்கை ஒரு மலைக்குப் போட முடியுமா?

14/
வல்லநாட்டுச் சம்சாரி கேட்பார்: "மான் வயலுக்குள்ள வந்து மேஞ்சிட்டுப் போகுது, நான் என்ன செய்ய?" அந்த நஷ்டம் நிஜம். மான் பிழைத்திருப்பதன் செலவை ஊரே சுமக்காமல் அவர் ஒருத்தர் தலையில் வைப்பது அநியாயம். அதற்குப் பதில் வேலியும், நேரத்துக்கு வரும் இழப்பீடும். துப்பாக்கி வந்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம்.

15/
டாக்டராக இரண்டு விஷயம்.

ஒன்று, மான் கறி மருந்து இல்லை. ரத்தம் ஊற, மூட்டு வலி போக என்று திருட்டுத்தனமாக வாங்காதீர்கள். ரத்தசோகைக்கு மாத்திரை இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு, ஈரல் இருக்கு. பரிசோதிக்காத காட்டு இறைச்சியில் கிருமி, புழு என்று என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, தயவுசெய்து கவனியுங்கள். ஊருக்குள் வழி தவறி வந்த மானைத் துரத்தாதீர்கள், செல்ஃபிக்குச் சூழ்ந்து நிற்காதீர்கள். பயத்தில் தலைதெறிக்க ஓடும்போது அதன் தசை உடைந்து, அந்தக் கசிவு சிறுநீரகத்தை அடைக்கும், இதயமும் நின்றுபோகலாம். மனுசருக்கும் இது வரும். இடிபாட்டில் நசுங்கியவர்களுக்குக் கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போவதைப் பார்த்திருக்கிறோம். மேலே ஒரு காயம் இருக்காது, தப்பித்துப் போன மான் மறுநாள் செத்துக் கிடக்கும். விலகி நில்லுங்கள், நாய்களைக் கட்டுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

16/
கடைசியாக ஒருத்தர். மா. கிருஷ்ணன். 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். துப்பாக்கி தூக்கியவர்களே காட்டைப் பற்றி அதிகம் எழுதிய காலத்தில், இவர் நோட்டும் பென்சிலும், தானே பாகங்கள் சேர்த்துக் கட்டிய கேமராவுமாகக் காட்டுக்குள் திரிந்தார். 1950ல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996ல் இறக்கும் வரை எழுதினார். ஒரு வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டிய அத்தனையும் அவருக்குத் தெரியும், அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தைத் தவிர.

17/
மலையில் காணி மக்களில் பலர் இன்று வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அன்று துரைக்கு மான் காட்டிய அதே வித்தை இன்று மானைக் காக்கிறது. இந்த முறை அந்த வித்தைக்குச் சம்பளமும் மரியாதையும் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பது நம்ம கடமை.

18/
ஆக, முப்பது வயசில் வேட்டை பழகணும் என்று ஆசை வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது பழைய ரத்தம். முக்கால்வாசிப் படிப்பு இன்னும் தடையில்லாமல் திறந்துதான் கிடக்கு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, விடியக்காலையில் ஒரு பைனாகுலரோடு வல்லநாடு போங்கள். தடம் பாருங்கள், காற்றுப் பாருங்கள். மான் உங்களைப் பார்க்கும் முன்னே நீங்கள் மானைப் பார்த்துவிட்டால் நீங்கள் தேறிட்டீங்க.

பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க.