மூன்று மாதம் நின்ற மாளிகை: ஓர் ஓவியரின் சீனக் குளிர்காலம்

ஹிஜ்ரி 822ஆம் ஆண்டு துல்கஃதா மாதத்தில், அதாவது கி.பி. 1419 டிசம்பரில், ஹெராத் நகரிலிருந்து ஒரு தூதுக்குழு சீனாவை நோக்கிப் புறப்பட்டது. அனுப்பியவர் தைமூரின் மகன் ஷாருக். தலைமை தாங்கியவர் ஷாதி க்வாஜா. ஷாருக்கின் மகனான இளவரசர் பைசுங்குர் தம் சார்பில் அனுப்பியவர்களுள் கியாஸுத்தீன் நக்காஷ் என்பவரும் ஒருவர். நக்காஷ் என்றால் ஓவியர். நூற்கலையையும் எழுத்தணியையும் போற்றி வளர்த்த அந்த இளவரசர் தம் ஓவியருக்கு ஒரு தனிப் பணியையும் ஒப்படைத்தார். புறப்படும் நாள் முதல் திரும்பும் நாள் வரை வழிகள், நகரங்கள், கட்டடங்கள், மன்னர்கள், மக்கள் வழக்கங்கள் ஆகியவற்றில் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் நாள்தோறும் எழுதிவர வேண்டும் என்பதே அது.

சீன மாளிகைகளையும் கோயில்களையும் பற்றிப் பயணிகள் எழுதியவை ஏராளம். ஆனால் இன்று பீஜிங்கில் இலட்சக்கணக்கானோர் பார்த்துச் செல்லும் பேரரண்மனை திறக்கப்பட்ட நாளிலேயே அதனுள் நின்று, அது எரிந்தபோதும் அந்நகரில் இருந்து, இரண்டையும் எழுதி வைத்த வெளிநாட்டவர் இந்த முஸ்லிம் ஓவியர். அவருடைய குறிப்பு எம்மவர் மத்தியில் அதிகம் பேசப்படாத ஒன்று.

தூது சென்ற காலத்தின் பின்னணியையும் சிறிது அறிய வேண்டும். 1405 பெப்ரவரியில், சீனாவின் மீது படையெடுத்துச் செல்லும் வழியில், கடுங்குளிரில் ஒத்ரார் நகரில் தைமூர் இறந்தார். தந்தை போருக்குப் புறப்பட்ட திசையில் மகன் தூதர்களை அனுப்பினார். மறுபுறத்தில் இருந்தவர் மிங் வம்சத்தின் மூன்றாவது பேரரசரான யுங்லோ. இலங்கையருக்கு இவர் அந்நியரல்லர். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு இவருடைய பெயரால் பொறிக்கப்பட்டதுதான். 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனமொழி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ் தெவிநுவரைத் தெய்வமான தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. அந்தக் கல்லைக் கப்பலேற்றி அனுப்பிய அரசவைக்கே ஹெராத்தின் தூதர்கள் தரைவழியே நடந்தார்கள். நக்காஷ் எழுதியதும் பாரசீகத்திலேயே.

பயணம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பாலைவனத்தின் ஓரத்திலுள்ள ஹாமி நகரில், அமீர் பக்ருத்தீன் என்பவர் கட்டிய அழகிய பள்ளிவாசல் ஒன்றையும் அதற்கு எதிரே புத்த கோயில் ஒன்றையும் அவர் கண்டார். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினார். கோயில் வாசலில் ஒன்றோடொன்று மோதும் நிலையில் தீட்டப்பட்டிருந்த இரு பூதங்களையும் குறிக்கத் தவறவில்லை.

கன்சு மாநிலத்தில் இன்று ஜாங்யே எனப்படும் கான்ஜோ நகரில் அவருடைய எழுத்து நிதானப்படுகிறது. அங்கே 1098இல் மேற்கு ஸியா அரசு காலத்தில் எழுந்த கோயிலில், ஏறத்தாழ 34.5 மீற்றர் நீளமான சயனப் புத்தர் சிலை இருக்கிறது. இன்றும் அது பார்வைக்குரியது. ஒரு கை தலைக்குக் கீழும் மறுகை தொடைமீதும் கிடக்க, பொன்பூசிய அவ்வுருவம் படுத்திருப்பதையும், பாதத்தின் அளவையும் தலையின் சுற்றளவையும் நக்காஷ் கணக்கிட்டுச் சொல்கிறார். பின்னால் நிற்கும் துறவிகளின் உருவங்கள் உயிருள்ளவை போலிருந்தன என்றும், சுவரோவியங்கள் உலகத்து ஓவியர் அனைவரையும் வியக்க வைப்பவை என்றும் எழுதுகிறார். அதே நகரில் பல அடுக்குகளாக மரத்தால் அமைந்து, இரும்பு அச்சொன்றின் மீது நின்று, சிறு தள்ளலுக்கே சுழலும் கோபுரம் ஒன்றையும் கண்டார். தச்சரும் கொல்லரும் ஓவியரும் வந்து பாடம் கற்க வேண்டிய வேலை அது என்பது அவர் தீர்ப்பு.

இங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உருவ வழிபாட்டை ஏற்காத மார்க்கத்தைச் சேர்ந்தவர். தம் வாசகரும் அப்படியே என்பதை அறிந்தவர். ஏளனமாக ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கடந்து போவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவரோ அளவுகோலோடு நின்றார். வணக்கம் வேறு, வேலைப்பாட்டை மதிப்பது வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

நவம்பரில் லான்ஜோவருகே 23 படகுகளைப் பருத்த இரும்புச் சங்கிலியால் பிணைத்த பாலத்தின் வழியே மஞ்சள் ஆற்றைக் கடந்து, டிசம்பர் தொடக்கத்தில் குழு ஜெங்டிங் நகரை அடைந்தது. அங்குள்ள லுங்சிங் கோயிலின் வெண்கலக் குவான்யின் 971இல் சுங் வம்ச முதற் பேரரசரின் ஆணையால் வார்க்கப்பட்டது; 21 மீற்றருக்கு மேல் உயரமானது. உள்ளங்கை தோறும் ஒரு கண் அமைந்த ‘ஆயிரம் கை’ உருவம் என அதை அவர் வருணித்தார். இன்று அங்கு செல்வோர் காணும் கைகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் மரத்தால் செய்யப்பட்டவை.

துல்ஹஜ் 8ஆம் நாள், 1420 டிசம்பர் 14இல், தூதர்கள் பீஜிங்கை அடைந்தனர். பாரசீகர் அதனைக் கான்பாலிக் என்பர். பொழுது இன்னும் புலரவில்லை. மதிலைச் சுற்றி மூங்கில் சாரங்கள் காடுபோல் நின்றன. கட்டட வேலை முடியாத கோபுரமொன்றின் வழியாகவே அவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். அரண்மனை வாசலில் இருபுறமும் ஐந்தைந்து யானைகள். விடிந்ததும் முரசும் மணியும் ஒலிக்க, பேரரசர் அரியணையேறினார். நடுத்தர உயரம்; தாடியின் நடுவே இருநூறு முந்நூறு மயிர்கள் மட்டும் மடியில் சுருண்டு விழும் அளவுக்கு நீண்டிருந்தன. ஓவியனின் கண் அல்லவா, அதையும் விடவில்லை. முதலில் எழுநூறு கைதிகள் பேரரசர் முன் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டனர். தூதர்களின் முறை அதன் பின்னரே வந்தது. சபை வழக்கப்படி நெற்றி நிலத்தில் படவேண்டும். தூதர்கள் மும்முறை தலை தாழ்த்தினர். நெற்றியை நிலத்தில் வைக்கவில்லை. நக்காஷ் இதைப் பெருமை பேசாமல் ஒரே வரியில் சொல்லி மேலே செல்கிறார்.

இரண்டு நாளில் ஹஜ்ஜுப் பெருநாள். முஸ்லிம்களுக்கெனப் பேரரசர் அந்நகரில் கட்டுவித்திருந்த பள்ளிவாசலில், அங்கிருந்த ஏனைய முஸ்லிம்களோடு சேர்ந்து தூதர்கள் பெருநாள் தொழுகையை நிறைவேற்றினர். அரசவையிலும் அவர்களுக்கு ஒரு துணை இருந்தது. மௌலானா யூசுப் காழி என்னும் முஸ்லிம் அதிகாரி பேரரசரின் நம்பிக்கைக்குரியவர். மொழியும் முறையும் அறிந்து இடையில் நின்றவர் அவரே.

1421 பெப்ரவரி 2, சீனப் புத்தாண்டு. முதல்நாள் மௌலானா யூசுப் செய்தி அனுப்பினார்: நாளை பேரரசர் புதிய மாளிகையில் அமர்கிறார், யாரும் வெள்ளை உடுத்தி வரக்கூடாது, வெள்ளை இவர்களுக்குத் துக்க நிறம். ஹெராத்தின் வெண்தலைப்பாகைக்காரருக்கு இந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியமாயிருந்திருக்கும்! அன்றிரவு குளிர் சற்றுத் தணிந்திருந்தது. வீடுகளிலும் கடைகளிலும் ஏற்றிய பந்தங்களாலும் விளக்குகளாலும் சூரியன் உதித்தது போல் நகரம் ஒளிர்ந்தது. நள்ளிரவில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள், 1406இல் தொடங்கிய பெரும் வேலையின் முடிவைக் கண்டார்கள். வாசலுக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை நக்காஷ் காலடிகளாக எண்ணினார். மெருகிட்ட கற்றளத்தையும் வண்ண ஓடுகளையும் உற்று நோக்கினார். கல்லிழைத்தலிலும் தச்சிலும் ஓவியத்திலும் ஓட்டு வேலையிலும் இவர்களுக்கு நிகரானவர் எம் நாட்டில் இல்லை என்று எழுதினார். ஹெராத், அக்காலத்து இஸ்லாமிய உலகின் கலைத் தலைநகர்களுள் ஒன்று. அதன் அரண்மனை ஓவியரின் வாயிலிருந்து வந்த சொல் இது.

அடுத்துவந்தது விளக்குத் திருவிழா. வழக்கமாக அரண்மனையில் சைப்பிரசுக் கிளைகளால் பச்சை மலையொன்றை அமைத்து எண்ணற்ற விளக்குகளைத் தொங்கவிடுவார்கள்; கயிற்றின் மீது ஓடும் எண்ணெய்ப் பொறி ஒன்று அவற்றை வரிசையாக ஏற்றிச் செல்லும். ஆனால் அவ்வாண்டு மாளிகைக்கு நெருப்பால் கேடு வரும் எனச் சோதிடர் கூறியதால் விளக்கேற்றுவது நிறுத்தப்பட்டது. விருந்தும் பரிசும் மட்டும் நடந்தன.

அதே குளிர்காலத்தில் வேறொன்றையும் அவர் அறிந்து எழுதினார். ஆண்டுதோறும் சில நாட்கள் பேரரசர் ஊனுண்ணாமலும் அந்தப்புரம் செல்லாமலும் தனித்திருப்பார். படமோ சிலையோ இல்லாத ஓர் இல்லத்தில், வானத்தின் இறைவனை வணங்குவதாகச் சொல்லி வழிபடுவார். 1420இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் தான் என்னும் வானக் கோயில் வளாகமே இது எனக் கொள்ளத்தகும். சயனப் புத்தரை அளந்த அதே நிதானத்தோடு உருவமற்ற அந்த இல்லத்தையும் அவர் குறித்தார். அதிலிருந்து பெரிய முடிவு எதையும் இழுக்கவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் தூதர்களின் உயிருக்கே ஆபத்து வந்தது. ஷாருக் அன்பளிப்பாக அனுப்பிய குதிரை வேட்டையில் பேரரசரைக் கீழே தள்ளியது. தூதர்களைச் சிறைப்பிடிக்க ஆணை பிறந்தது. தூதரைத் தண்டிப்பது பேரரசின் பெயருக்கே இழுக்கு என்று மௌலானா யூசுப்பும் வேறு சிலரும் மன்றாடியதால் கோபம் தணிந்தது. அது அமீர் தைமூரின் குதிரை, கண்ணியம் கருதியே அனுப்பப்பட்டது என ஷாதி க்வாஜா விளக்கம் சொன்னார்.

பின்னர் மே மாதத்தில் ஓரிரவு, புதிய மாளிகையின் உச்சியில் இடி விழுந்தது. இலட்சம் விளக்குகளை ஏற்றியது போல் நகரம் முழுவதும் வெளிச்சம். தவிர்க்கப்பட்ட விளக்குத் திருவிழாவை நெருப்பே நடத்தி முடித்தது போலிருந்தது. திறந்து சுமார் மூன்று மாதங்களே ஆன மூன்று பெரும் மண்டபங்களும் சாம்பலாயின. வானத்தின் இறைவன் என்மீது சினம் கொண்டான். நான் பெற்றோரை நோகச் செய்யவில்லையே, கொடுங்கோன்மை புரியவில்லையே என்று பேரரசர் அழுது பிரார்த்தித்ததாகவும், துயரால் நோயுற்றதாகவும் நக்காஷ் குறிப்பிடுகிறார். அம்மாதமே குழு ஊர் திரும்பப் புறப்பட்டு, 1422இல் ஹெராத்தை அடைந்தது.

யுங்லோ 1424இல் இறந்தார். மண்டபங்கள் மீண்டும் எழுந்ததை அவர் காணவில்லை. 1441இலேயே அவை மீளக் கட்டி முடிக்கப்பட்டன. பின்னரும் பலமுறை எரிந்தன. இன்று பயணிகள் படமெடுக்கும் பிரதான மண்டபம் 1690களில், காங்ஸி பேரரசர் காலத்தில் கட்டப்பட்டது. வானக் கோயிலின் புகழ்பெற்ற வட்ட மண்டபமும் 1889இல் இடி விழுந்து எரிந்து, 1896இல் முடிந்த மறுகட்டடமே. 24 பேரரசர்கள் இருந்த அரண்மனை 1925இல் நூதனசாலையாகியது. மரத்தால் கட்டும் நாட்டில் கட்டடம் நிலைப்பது பொருளால் அன்று, திரும்பத் திரும்ப எழுப்பும் கைகளால். ஆகவே, 1421இன் முதல் மாளிகையைக் காண விரும்புபவர் பீஜிங்கில் எவ்வளவு சுற்றினாலும் காண முடியாது. அது ஓவியரின் சொற்களில் நிற்கிறது.

அந்தச் சொற்களும் தப்பிப் பிழைத்தவைதாம். நக்காஷின் மூல நாட்குறிப்பு கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் ஹாபிஸ் அப்ரூ அதனைத் தம் பெருநூலில் சேர்த்ததால் எஞ்சியது. பின்னாளில் கள்ளிக்கோட்டைக்குத் தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக் ஸமர்கந்தியும் தம் நூலில் அதைச் சுருக்கி எடுத்தாண்டார். பக்கச்சார்பும் வெறுப்பும் அற்ற குறிப்பு என்பதே ஹாபிஸ் அப்ரூ அதற்கு வழங்கிய மதிப்புரை. வேற்றுச் சமயத்தாரின் வாசலில் நின்று, தன் நெற்றியையும் காத்துக்கொண்டு, எதிரே உள்ளதன் அழகையும் மறைக்காமல் எழுதிய ஒருவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கோயிலையோ பள்ளியையோ பற்றி ஒரு பக்கம் எழுத உட்காரும்போது அதே மதிப்புரை எமக்கும் கிடைக்குமா என்பதை, எழுதுகிற நாம் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்கலாம்.