மலருக்கு முன்னால் மறை வந்த கதை

எறணாகுளம் பிராட்வேயில் கடைப்பலகை எல்லாம் மலையாளம். இந்த ஊரில் வளரும் என் பொண்ணு தமிழ் அகராதி பார்க்கப் பழகுவதே பெரிய பாடு. அவளுக்காக நான் சர்வரில் அடுக்கிய சொற்பட்டியலில் 'மலர்' என்பதற்கு முன்னால் 'மறை' வந்து நின்றது. "அப்பா, ல-வுக்கு அப்புறம்தானே ற?" என்றாள். மாட்டிக்கொண்டேன்!

தப்பின் வேர் 1988-ல் இருக்கிறது. அந்த வருடத்து இஸ்கி தரம், இந்திய எழுத்துகளைத் தேவநாகரியை ஒட்டிய ஒரே வரிசையில் அடுக்கியது. ற போய் ர பக்கத்திலும், ன போய் ந பக்கத்திலும் உட்கார்ந்தன. 1991-ல் வந்த யூனிகோடு அதையே எடுத்துக்கொண்டது. மலையாளத்து ற-வுக்கும் இதே கதிதான். இனி அந்த எண்களை மாற்ற முடியாது. நம் அகராதி வரிசையைத் தருவது 'லோகேல்' என்கிற மொழி அமைப்பின் வேலை.

என் இரண்டு சர்வரில் ஒன்றில் தமிழ் லோகேல் போட்டிருந்தேன், மற்றதில் மறந்துவிட்டேன். இந்த மறதிக்கு மருந்து 1993-லேயே வந்தாச்சு: ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின். அப்புறம் 2005-ல் பப்பெட், 2012-ல் ஆன்சிபிள். எந்த மெஷின் எப்படி இருக்கணும் என்று ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் போதும். அதுவே ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததைப் போட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: லோகேலை மாற்றினால் டேட்டாபேஸ் இன்டெக்ஸையும் திரும்பக் கட்டணும். 2018-ல் ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியபோது பலர் பட்ட பாடு அது.

ஆன்சிபிளில் எழுதி ஓட்டினேன். புதுப் பட்டியலை அகராதியோடு வைத்து அவளே சரிபார்த்தாள்.