கோப்பை நாயின் கதை



அம்பத்தூரில் எங்கள் எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மார்கழியில் ஒரு மாலைப் பொழுது, அவள் இரு கைகளாலும் ஒரு காப்பி டபராவை ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே காப்பி இல்லை. பஞ்சுப் பந்து போன்ற ஒரு வெள்ளை நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. "சார், இது டீ கப் பொமரேனியன். இரண்டு மாதம் ஆகிறது. வளர்ந்தாலும் கைக்குள்ளேயே அடங்கிவிடுமாம்" என்றாள். அவள் தந்தை அதற்குக் கொடுத்த விலையைக் கேட்டபோது, நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஓராண்டு முழுதும் வாங்கிய சம்பளம் என் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்தக் குட்டி எழுந்திருக்கவில்லை. உடம்பு நடுங்க, கண்கள் நிலைகுத்திக் கிடந்தது. கால்நடை மருத்துவர் தொலைபேசியிலேயே, "ஈறில் தேனைத் தடவுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால், ஒரு நாய் டபராவில் அடங்கும் அளவுக்கு எவ்வாறு சிறுத்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. வரலாறு கற்பித்தவனுக்கு எதைக் கண்டாலும் அதன் பழைய ஏடுகளைப் புரட்டத் தோன்றும். இன்று அதனை உங்களோடு சேர்ந்து புரட்ட விரும்புகிறேன்.

நாய் ஓநாயின் வழி வந்தது. அது மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆயின என்பது அறிஞர் கருத்து. உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எப்.-1 என்னும் மரபணுவைச் சார்ந்த ஒரு மாறுபாடு சிறிய நாய் இனங்கள் பலவற்றில் பொதுவாகக் காணப்படுவதை 2007-ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். அம்மாறுபாடு 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஓநாயிடமும் இருந்தது என்ற செய்தி 2022-இல் வெளியாயிற்று. ஆகவே, சிறுமை என்பது மனிதன் புதிதாகப் படைத்தது அன்று. இயற்கை வைத்திருந்ததை அவன் எடுத்துக்கொண்டான். சிறிய நாய் என்றாலே நோயாளி என்று எண்ணுவதும் தவறு. பொதுவாகச் சிறிய இனங்களே பெரிய இனங்களைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. எங்கே நிறுத்தவேண்டும் என்பதில்தான் மனிதன் பிழை செய்தான்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகருக்கு அருகிலிருந்த சீனப் பேரரசரின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடின. அந்தப் படையெடுப்பில் நம் சென்னை மாகாணத்துச் சாப்பர் படையினரும் சென்றிருந்தனர் என்பதை இங்கே நினைவுகூரலாம். அரண்மனையில் பீக்கினீஸ் என்னும் குட்டை நாய்கள் ஐந்து அகப்பட்டன. அவற்றுள் ஒன்றை டன் என்னும் படைத்தலைவர் இலண்டனுக்குக் கொண்டுபோய், 1861-இல் விக்டோரியா அரசியாருக்குக் காணிக்கையாக்கினார். அந்த நாய்க்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'லூட்டி'! கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்ற வடஇந்தியச் சொல்லை ஆங்கிலேயர் நம் நாட்டில் கற்றுக்கொண்டனர். கொள்ளையில் கிடைத்த நாய்க்கு அதையே சூட்டினர். நம் வீட்டுப் பிள்ளைகள் 'லூட்டி அடிக்கிறார்கள்' என்கிறோமே, அதுவும் அதே வேரில் கிளைத்ததுதான். களவுப்பொருள் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு அந்த நாய் 1872 வரை அரண்மனையில் வாழ்ந்தது.

பொமரேனியன் வரலாறும் அந்த அரசியாரோடு பிணைந்ததே. அவருடைய பாட்டியார் சார்லட் அரசியார் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த பொமரேனியன்கள் நடுத்தர உருவமும் நல்ல உடற்கட்டும் உடையவை. விக்டோரியா 1888-இல் இத்தாலிய நகரமாகிய பிளாரன்ஸில் வாங்கிய மார்க்கோ என்ற நாயோ 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ எடைதான் இருந்தது. அரசியார் கையில் சிறிய நாயைக் கண்டதும் சீமாட்டிகள் எல்லாரும் சிறியதையே கேட்டனர். இன்று அந்த இனத்தின் எடை மூன்று கிலோ அளவில் நிற்கிறது. 1980-களிலும் 1990-களிலும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வீதிகளில் நாம் 'பொமரேனியன்' என்று அழைத்த வெள்ளைச் சடை நாய் வேறு. அது இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும். நம் வெயிலைத் தாங்கி, தபால்காரரைக் கண்டு குரைத்து, மிச்சச் சோற்றைத் தின்று பதினைந்து ஆண்டு வாழ்ந்தவற்றை நான் அறிவேன். இப்பொழுது ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. வீடு சுருங்கச் சுருங்க, நாயும் சுருங்கவேண்டும் என்று மக்கள் விரும்புகின்றனர்.

முதல் நாய்க் காட்சி 1859-இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் நடந்தது. 1873-இல் அந்நாட்டுக் கென்னல் கிளப் தோன்றியது. அதன் பின்னர் நாயின் வேலையைவிட அதன் தோற்றத்துக்கே பரிசு. யார்க்ஷைர் டெரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிகள் எலி பிடிப்பதற்கு வளர்த்த நாய். 1945-ஆம் ஆண்டில் இவ்வினத்து நாய்கள் இரண்டைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. ஸ்மோக்கி என்பது அமெரிக்கப் போர்வீரர் ஒருவரின் நாய், எடை 1.8 கிலோ. பிலிப்பைன்ஸில் லிங்காயன் விமானத்தளத்தின் அடியில் சென்ற 70 அடி நீளக் குழாய்க்குள் புகுந்து, தந்திக் கம்பியை மறுமுனைக்கு இழுத்துச் சென்றது. மற்றொன்று பிளாக்பர்ன் நகரில் இருந்தது. உலகின் மிகச் சிறிய நாய் எனப் பதிவானது. எடை 113 கிராம், ஒரு கொய்யாப் பழத்தின் எடை. அதே 1945-இல், இரண்டு வயது நிறையுமுன் அது இறந்தது. ஒரே இனம், ஒரே ஆண்டு!

இவ்வேறுபாட்டுக்குக் கணக்கே காரணம் சொல்லும். உயிரினத்துக்குத் தக்க அளவு எது என்பதைப் பற்றி 1926-இல் கட்டுரை எழுதியவர் ஹால்டேன் என்னும் பேரறிஞர். பின்னர் 1957-இல் நம் நாட்டிலேயே குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்குங்கள். பரப்பு நான்கில் ஒன்றாகும். கனஅளவோ எட்டில் ஒன்றாகிவிடும். ஆதலால் உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதி. வெப்பம் விரைந்து வெளியேறும். அவ்வெப்பத்தை ஈடுசெய்யச் சர்க்கரை எரியவேண்டும். கைப்பிடி அளவுள்ள குட்டியின் ஈரலில் அச்சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் தீனியில்லாமல் குளிரில் கிடந்தால் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரும். எதிர் வீட்டுக் குட்டிக்கு நேர்ந்தது இதுவே.

பல்லைப் பாருங்கள். ஓநாய்க்கு 42 பற்கள். இந்தக் குட்டை நாய்க்கும் 42. தாடை மட்டும் தீப்பெட்டி அளவு. பல்லின்மேல் பல் நெருக்கி, பாற்பல் விழாமல் நின்று, ஈறு சீழ்ப்பிடிக்கிறது. உச்சிக்குழி மூடாமை, மூளையில் நீர் கோத்தல், முழங்காற் சில்லு நழுவுதல் ஆகியனவும் உண்டு. மூச்சுக்குழல் தட்டையாகி ஒடுங்குவதால் வாத்து கத்துவதுபோன்ற இருமல் எழும்; கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்தால் அது முற்றும். மடியிலிருந்து குதித்தாலும் முன்னங்கால் எலும்பு முறியும். அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைவாதலால் எளிதில் கூடாது.

'டீ கப்' என்பது ஓர் இனமே அன்று. எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் அதை ஏற்கவில்லை. அது விற்பவர் வைத்த பெயர். ஈற்றிலே மிகச் சிறுத்துப் பிறந்த நோஞ்சானையும் அதன் உறவிலேயே மற்றொரு நோஞ்சானையும் இணைத்து ஈனச் செய்வர். சிறிய தாயின் இடுப்பெலும்பு வழியாகக் குட்டியின் தலை வெளிவர இயலாமல், பலவற்றுக்குச் சிசேரியன் அறுவை தேவைப்படுகிறது. டபராவில் குட்டியைக் காண்கிறோம். அந்தத் தாயை யாரும் காட்டுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, 1960-இல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறப்பதற்கு வழிகோலியது. அச்சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. பெண் நாயை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேலும் ஈனச் செய்யக்கூடாது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், சைபீரிய ஹஸ்கி முதலிய அயல் இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்தது. ஆனால், கோப்பை நாயை எந்தப் பட்டியலில் எழுதுவது? அதற்குத்தான் இனப்பெயரே இல்லையே!

அயலாரையே குறை கூறி என்ன பயன்? நம் இராசபாளையம் நாயைப் பால்வெள்ளையாகவே வேண்டும் என்று தேர்ந்தோம்; செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. வேட்டை நாய்க்குக் காது கேளாது என்றால் அதற்கு மிஞ்சியது என்ன, வெள்ளை நிறந்தானே!

எதிர் வீட்டுக் குட்டியின் செய்தியைச் சொல்லாமல் விட்டேன். மருத்துவர் அதன் பற்களைப் பார்த்து, "இரண்டு மாதமா? ஐந்து வாரத்துக்கு மேல் இராது" என்றாராம். பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, அரைவயிறு போட்டு, சிற்றினம் என்று விற்றிருக்கிறார்கள். வேளைக்கு வேளை தீனி கண்ட பிறகு அது வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போயிற்று. இப்பொழுது ஆறு கிலோ. தினமும் காலையில் எங்கள் வாயிலில் வந்து நின்று பால்காரரைக் குரைக்கிறது. அந்த டபராவில் அதற்குத் தண்ணீர் வைக்கிறார்கள். போதவில்லை என்று கவிழ்த்துவிடுகிறது.