பெரியப்பாவின் சவரக்கத்தி

இந்த நினைவுநாளில் ஒரு சவரக்கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் என் பெரியப்பா வைத்திருந்த மடக்குக் கத்தி அது. அவர் வயல்கூலி. ஊர் நாவிதர் எங்கள் தெருவுக்கு வரமாட்டார். அதனால் தெருவுக்கே பெரியப்பாதான் சவரம் செய்தார். அவர் போன பிறகு கத்தி பரணில் கிடந்தது. அலகில் துரு, செல்லுலாய்டு கைப்பிடி நொறுங்கியிருந்தது. பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி இரும்பையும் அரிக்கும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு, பனை வைரத்தில் இரண்டு பட்டைகள் இழைத்து, பித்தளை ஆணியால் இணைத்தேன். துருவை எண்ணெய் தொட்டு உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். மின்சாணையில் சூடேறினால் எஃகின் பதம் கெட்டுவிடும்.

தேய்க்கும்போது ஒரு கேள்வி வந்தது: நமக்குச் சவரம் செய்ய மறுத்தவர் யார்?

சாத்தாராவில் தம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அக்காவே முடிவெட்டினார் என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அங்கே நாவிதர்கள் இருந்தார்கள், கொடுக்கக் காசும் இருந்தது. தீண்டப்படாதவருக்கு முடிவெட்ட ஆளில்லை.

அந்த நாவிதரும் மேலே இருந்தவர் அல்லர். திருவிதாங்கூரில் அவர்களுக்குப் ‘பிராணோபகாரி’, அதாவது உயிருக்கு உதவுபவர் என்றொரு பெயர் இருந்ததை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் பதிவு செய்கிறது. பெயர் பெரிது, இருக்கச் சொன்ன இடம் புறவாசல். எங்களைத் தொட்டால் அந்தப் புறவாசலும் அவருக்கு அடைபடும். இதைத்தான் அண்ணல் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். இது அவருடைய மறுப்பை விளக்குகிறது, நியாயப்படுத்தவில்லை. ஏனென்றால் மறுப்புக்கு வேறு திசையும் உண்டு. 1890இல் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியில் பம்பாயில் கூடிய நாவிதர்கள், விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்றார்கள். அதே கத்தி, அதே மறுப்பு. அங்கே அது ஆதிக்கத்துக்கு எதிராக நின்றது.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரின் கோயில்கள் நமக்குத் திறந்தன. தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பெரியப்பாவின் கத்திக்கு ஓய்வில்லை. சட்டம் எங்கள் தெருவுக்கு எப்போது வந்தது என்பதற்கு அந்தக் கத்திதான் சாட்சி.

அலகில் துரு தின்ற குழிகளை நான் முழுதாகத் தேய்த்து எடுக்கவில்லை. பளபளப்பாக்கினால் அந்தக் காலம் போய்விடும். மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் முடிவெட்டியவர் யார், எந்த ஆண்டு முதன்முதலாகக் கடை நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜெய்பீம்.