தனீனும் தவிய்யும்: காதிரைச்சல் பற்றிய மருத்துவ மரபு

ஒலிகளை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்ட மொழி அரபு. தேனீக்களின் ரீங்காரத்தை அது ‘தவிய்’ என்னும். ஈயின் இரைச்சலையும் உலோகத் தட்டின் அதிர்வையும் ‘தனீன்’ என்னும். சீழ்க்கையை ‘ஸஃபீர்’ என்னும். வெளியில் எவ்வித ஓசையும் இல்லாதபோது காதுக்குள் மட்டும் கேட்கும் ஒலிக்கும் அக்கால மருத்துவர்கள் இச்சொற்களையே எடுத்தாண்டனர். இன்று நாம் காதிரைச்சல் என்று குறிப்பிடும் தொல்லை இதுதான்.

இமாம் நவவீ (ரஹ்) (1233–1277) அவர்களின் ‘அல்-அத்கார்’ நூலில், காது ரீங்கரித்தால் ஓத வேண்டியது பற்றி ஒரு தலைப்பே உண்டு. அங்கு இடம்பெறும் அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் பலர் குறித்துள்ளனர். அது எவ்வாறாயினும், ஸலவாத் ஓதுவது எந்நிலையிலும் நன்மையே. ஆனால் மாதக்கணக்கில் ஓயாத இரைச்சலை ‘யாரோ நம்மை நினைக்கிறார்கள்’ என்றோ, ஜின்னின் வேலை என்றோ கருதி வாளாவிருப்பது நம் முன்னோரின் வழியன்று. அவர்கள் ஓதவும் செய்தார்கள். காரணத்தைத் தேடவும் செய்தார்கள்.

அபூபக்ர் அர்-ராஸீ (865–925) எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து அவருடைய மறைவுக்குப் பின் தொகுக்கப்பெற்ற ‘அல்-ஹாவீ’யில் காது நோய்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. இப்பெருநூலை ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் 1955 முதல் பல பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டது.

இப்னு சீனா (980–1037) ‘அல்-கானூன் ஃபித்திப்’பின் மூன்றாம் நூலில், தலை முதல் கால் வரையிலான நோய்களை உறுப்பு வரிசையில் விளக்குகையில், தவிய், தனீன், ஸஃபீர் மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்கிறார். ஒலி என்பது காற்றில் எழும் அலையசைவு என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். அந்த அசைவு வெளியிலிருந்து வராதபோது ஓசை எப்படிக் கேட்கிறது என்பதே அவர் கேள்வி. செவிப்புலன் அளவுக்கு மீறிக் கூர்மையாதல், நோயிலிருந்து தேறிவருவோரின் பலவீனம், பசி எனக் காரணங்களை அவர் பகுக்கிறார். இடைவிடாது நிலைக்கும் இரைச்சலையும் எழுந்து அடங்கும் இரைச்சலையும் வேறுபடுத்திக் காண்கிறார்.

அவர் கூறிய வாயுக்களையும் ஆவிகளையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அக்காலச் சொட்டு மருந்துகளையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ‘எந்த இரைச்சல், எதனால், எப்போது?’ என்று பிரித்துக் கேட்ட முறையே அவர் விட்டுச் சென்ற செல்வம். 12ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் இலத்தீனாக்கப்பட்ட ‘கானூன்’, ஐரோப்பிய மருத்துவக் கல்வியில் பல நூற்றாண்டுகள் கோலோச்சியது.

பாரிஸில் செவிப்புலனற்றோர் நிறுவனத்தின் மருத்துவராயிருந்த இத்தார், 1821இல் காது நோய்கள் குறித்து விரிவான நூலொன்றை வெளியிட்டார். உடலுக்குள் உண்மையாகவே எழும் ஓசை, நோயாளியின் புலனில் மட்டும் தோன்றும் ஓசை என இரைச்சலை அவர் இருவகையாக்கினார். வெளியோசையைக் கொண்டு உள்ளோசையை மறைக்கும் வழியையும் பரிந்துரைத்தார். இரவின் நிசப்தத்தில் தொல்லை மிகும்போது மின்விசிறியின் மெல்லோசை ஆறுதல் தருவது இக்காரணத்தால்தான்.

இன்றைய விளக்கம் இது: உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் முதுமையாலோ பேரொலியாலோ சிதையும்போது மூளைக்குச் செல்லும் செய்தி குறைகிறது, அக்குறையை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ள, இல்லாத ஓசை கேட்கிறது. காதில் அடைந்த குறும்பி, அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். 2022இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதனை அனுபவித்துள்ளதாக மதிப்பிட்டது. பெரும்பாலோர்க்கு இது ஆபத்தானதன்று.

எனினும் சில அறிகுறிகளைப் பொருட்படுத்தாதிருத்தல் கூடாது. திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சையில் நாட்கள் கடந்தால் இழந்த செவித்திறன் மீள்வது அரிதாகிவிடும். தலையில் அடிபட்ட பின் தோன்றும் இரைச்சலுக்கும், முகம் ஒருபுறம் கோணுதல், கடும் தலைசுற்றல் ஆகியவற்றோடு வரும் இரைச்சலுக்கும் இதே அவசரம் பொருந்தும். ஒரு காதில் மட்டும் நிலைப்பது, நாடித்துடிப்போடு ஒத்து ஒலிப்பது, காதில் சீழ் வடிவது ஆகியவற்றையும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டித் தெளிய வேண்டும். உறக்கத்தைக் கெடுத்து, வாழ்வையே வெறுக்கச் செய்யும் அளவுக்கு மனத்தைத் தாக்கினால், அதனை ஈமானின் குறை என்று எண்ணி மறைத்தல் ஆகாது. உடனே உதவி நாட வேண்டும்.

நாட்பட்ட இரைச்சலை முற்றிலும் அகற்றும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. ஆயினும் செவித்திறன் குறைந்தோர்க்குக் கேள்கருவியும், இரைச்சலால் எழும் அச்சத்தையும் கவலையையும் தணிக்கும் உளவியல் பயிற்சியும் நல்ல பயனளிக்கின்றன. இரைச்சல் நின்றுவிடாமலே அதன் கொடுமை குறைந்துவிடுவது உண்டு. மாறாக, காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் குச்சியால் குடைவதும் செவிப்பறைக்கே கேடாய் முடியலாம்.

செவிப்புலன் இறைவன் அளித்த அமானிதம். அதில் ஏற்படும் குறையைக் கேட்டறிந்து, பிரித்துணர்ந்து, உரிய வேளையில் உரியவரிடம் செல்வதே இப்னு சீனாவின் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் நமக்குரிய கடமையாகும்.