ஊசியும் பருவமும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பது மருத்துவருக்கு மட்டுமே உரிய வினா எனத் தோன்றலாம். ஆயினும் அவ்வினாவுக்குள் ஒரு நாட்டின் காலநிலையும் அங்கு உழைப்போரின் வாழ்நிலையும் அடங்கியுள்ளன. ஒவ்வாமைக்கான நிர்ப்பீடன சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கோடையில் மூக்கொழுகலையும் தும்மலையும் தோற்றுவிப்பது புல்லின் மகரந்தமே என்பதை, மஞ்செஸ்ரர் மருத்துவர் சாள்ஸ் பிளக்லி தம் உடலிலேயே சோதித்து 1873ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1911இல் இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லெனாட் நூன், மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊசிமூலம் ஏற்றும் முறையை அறிவித்தார். அவர் நோயுற்றபின் ஜோன் பிறீமன் அப்பணியைத் தொடர்ந்தார். புல் பூப்பதற்கு முன்னரே உடலைப் பழக்கிவிட வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை. ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளை வகுத்தது இங்கிலாந்தின் கோடைகாலமே. இன்றும் புல் மகரந்தத்துக்கான மாத்திரைகளைப் பருவத்துக்கு மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகவே தொடங்குகின்றனர்.

இந்த நாட்காட்டி சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் பொருந்துவதில்லை. இரத்தினபுரியும் கேகாலையும் ஈரவலயத்தைச் சேர்ந்தவை. அங்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படுகிறது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையில் தூசியும் ஆண்டு முழுவதும் பறக்கிறது. ஈரம் ஊறிய லயன் அறைகளில் வீட்டுத்தூசி உண்ணிகள் எம்மாதத்திலும் செழிக்கக்கூடியவை. ஓய்ந்து மீளும் ஒரு மகரந்தப் பருவம் அங்கில்லை.

இம்மூச்சு நோய்கள் அறிஞர் கண்ணுக்குத் தப்பியவையல்ல. 1903 முதல் கொழும்பில் பணியாற்றிய காஸ்டெல்லானி, தேயிலை சுவைப்போரின் இருமலைப் பற்றி எழுதினார். 1970இல் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலைப் பஞ்சுத்தூசியைச் சுவாசித்ததால் ஆஸ்துமாவுக்குள்ளான தேயிலைத் தயாரிப்பாளர் ஒருவரைப் பற்றிய ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். எனினும் தோட்ட மருத்துவத்தின் கவனம் நெடுங்காலம் கொள்ளைநோய்களிலேயே நிலைத்திருந்தது. 1934-35இல் கேகாலையை வாட்டிய மலேரியா போன்ற பேரிடரின் முன், உயிரை உடனே பறிக்காத இளைப்பு பெரிதாகத் தோன்றாதது வியப்பன்று.

அவ்வாறாயின் சப்ரகமுவத் தொழிலாளிக்குச் சிகிச்சை தொடங்கத் தக்க காலம் எது? முதலில் காரணம் தெளிவாக வேண்டும். தொழிற்சாலைத் தூசியே காரணமெனில், ஊசியைத் தேடுமுன் தூசியிலிருந்து விலக வழிகாண வேண்டும். வீட்டுத்தூசி உண்ணியே காரணமெனில், எந்த மாதத்திலும் தொடங்கலாம்; ஆனால் ஆஸ்துமா முன்னரே கட்டுப்பட்டிருத்தல் இன்றியமையாதது. 1957இலிருந்து இவ்வூசிகளால் 26 மரணங்கள் நேர்ந்ததாக 1986இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. உயிர்காக்கும் வசதியுள்ள இடத்திலேயே அவற்றை ஏற்ற வேண்டுமென்றும் அது வலியுறுத்தியது. ஆகவே தோட்டத்து டிஸ்பென்சரியில் இதனை நடத்த இயலாது. நகரத்து வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும்.

தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இச்சிகிச்சை நீள்கிறது. வேலைநாளைப் 'பேர்' எனக் கணக்கிடும் தோட்டத்தில், ஒவ்வோர் ஊசியும் ஒரு பேரை இழக்கச் செய்யும். இடையில் நின்றுபோகும் சிகிச்சையால் முழுப்பயன் விளையாது. எனவே தக்க காலம் என்பது, நோய் அடங்கியிருக்கும் வேளையும் தொடர்ந்து வரக்கூடிய வசதியும் ஒன்றுகூடும் காலமே. இங்கிலாந்தில் அக்காலத்தைப் புல் அறிவித்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் அதனை அறிவிக்க வேண்டியது தொழிலாளியின் ஊதியமும் விடுமுறையுமே. அவை வாய்க்கும்வரை, நூறாண்டு கடந்த ஒரு மருத்துவ முறை அம்மக்களுக்கு எட்டாத தொலைவிலேயே நிற்கும்.