இரும்புக்கையும் மறைந்த உடலும்: ஒரு சித்திரக்கதையின் உற்பத்தி வரலாறு

தமிழில் வெகுசன வாசிப்பின் வரலாற்றை ஆராய்வோர் தொடர்கதையையும் திரைப்படத்தையும் கணக்கிலெடுப்பர்; சித்திரக்கதை நூல்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். அவை சிறுவருக்கானவை, வேற்றுமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை, ஆகவே ஆய்வுக்குரியவையல்ல என்பதே இவ்விடுபடலின் பின்னாலுள்ள எண்ணம். ஆயின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்த தமிழ் வாசகர் பலர் விஞ்ஞானப் புனைகதை என்னும் இலக்கிய வகையை முதன்முதலிற் சந்தித்தது நாவலிலன்று. சிவகாசியில் அச்சாகி வந்த சிறு சித்திர நூல்களிலேயாகும். அவற்றுள் தலையாயது 'இரும்புக்கை மாயாவி'. அந்நூல்கள் யாருடைய கைகளால், எத்தகைய உழைப்பு நிலைமைகளில் உருவாயின என்னும் வினாவையே நாம் இங்கு எழுப்புகிறோம். கதை தரமானதா அன்றா என்ற வினா பின்னர் வரட்டும்.

1972 ஜனவரியில் எம். சௌந்தரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு இதுவே. தொடக்க காலத்தில் அதன் ஆசிரியராக விளங்கியவர் முல்லை தங்கராசன். மூலக்கதையோ பத்தாண்டு முற்பட்டது. இலண்டன் பிளீற்வே நிறுவனம் 1962 ஒக்ரோபர் 6ஆம் திகதி வெளியிட்ட 'வேலியன்ற்' என்னும் சிறுவர் வார இதழின் முதல் எண்ணிலேயே அது தொடங்கிற்று. முதலில் எழுதியவர் கென் பல்மர். தொடர்ந்து எழுதியவர் ரொம் ரல்லி. பல்மர் பல புனைபெயர்களில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த விஞ்ஞானப் புனைகதையாளர். படங்களை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995).

ஆங்கிலச் சிறுவருக்கான ஆங்கிலக் கதையை ஸ்பானியர் ஒருவர் ஏன் வரைந்தார்? விடை கலையில் இல்லை, கூலியில் இருக்கிறது. 1950களிலும் 1960களிலும் பிரித்தானிய வார இதழ்கள் பெருகின. வாரந்தோறும் நிரப்பவேண்டிய பக்கங்களும் பெருகின. பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழிருந்த ஸ்பெயினில் தேர்ந்த ஓவியர்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தனர். முகவர் நிறுவனங்கள் இடையில் நின்று கதையைத் தெற்கே அனுப்பிப் படங்களை வடக்கே தருவித்தன. பவுணில் வந்த ஊதியம் பார்சிலோனாவில் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாக இருந்தது. இலண்டனுக்கு அதுவே மலிவு. பிளாஸ்கோ 1935இலேயே 'கூட்டோ' என்னும் சிறுவன் பாத்திரத்தைப் படைத்துத் தம் நாட்டிற் பெயர் பெற்றவர். அத்தகையவர் இங்கே தம் சகோதரரோடு சேர்ந்து, குடும்பப் பட்டறையொன்றின் ஒழுங்கில், ஒப்பமில்லாத பக்கங்களை வரைந்து அனுப்பினார். வாசகர் அவர் பெயரை அறியவில்லை. அக்கால பிரித்தானியச் சிறுவர் இதழ்களில் எழுதுவோர், வரைவோர் பெயரை அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இருக்கவில்லை. பெயர் அறியப்பட்டால் பேரம் பேசும் வலுவும் வந்துவிடும் என்பதைப் பதிப்பு முதலாளிகள் நன்கு விளங்கியிருந்தனர் என்றே கருதவேண்டியுள்ளது.

இனிக் கதைக்கு வருவோம். லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். பேராசிரியர் பாரிஞ்சரின் கீழ் வேலை செய்பவன். முன்னர் நேர்ந்த விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்தப்பட்டவன். பின்னொருநாள் கருவியொன்று வெடிக்க, உயர் மின்னழுத்தம் அவனைத் தாக்குகிறது. உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது; எஃகுக்கை மாத்திரம் தெரிகிறது. மின்சாரத்தின் வலு தீரும்போது உடல் மீளும். மறைவதற்கு மறுபடியும் மின்சாரத்தைத் தொடவேண்டும். இக்கதையின் மூதாதை எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'கட்புலனாகா மனிதன்' என்பது வெளிப்படை. ஆனால் வெல்ஸின் கிரிஃபின் தானே ஆய்வு நடத்தும் விஞ்ஞானி. தன் அறிவினால் தன்னை மறைத்துக்கொண்டவன். கிராண்டலோ பிறருடைய ஆய்வுக்கு உதவப்போய் உறுப்பை இழந்த ஊழியன். கிராண்டல் முதலிற் குற்றவாளியாகவே நடமாடுகிறான் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். பின்னரே அவன் 'நிழற்படை' என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனாகி அரசுக்குச் சேவை செய்கிறான். சமூகத்தின் மீது சினங்கொண்ட ஊழியனைத் தொடரின் வணிகத் தேவை சட்ட ஒழுங்கின் காவலனாக மாற்றிவிட்டது. கெடுபிடிப் போர்க் காலத்து ஒற்றர் கதைகளின் செல்வாக்கையும் இங்கு மறத்தலாகாது. எமது கருத்தில் தொடரின் முதற்பகுதியே வலுவுள்ளது. ஒற்றனான கிராண்டல் மற்றெல்லா ஒற்றரையும் போன்றவனே.

பிளாஸ்கோவின் பணி கதையாசிரியரின் பணியைக் காட்டிலும் கடினமானது. இல்லாத ஒன்றை வரையவேண்டும். கட்டத்தின் நடுவே வெறுமை. அதன் விளிம்பில் ஒரு கை மாத்திரம் கதவின் பிடியைத் திருப்புகிறது, தொலைபேசியைத் தூக்குகிறது, மின்கம்பியைப் பற்றுகிறது. எதிரே நிற்பவனின் அச்சம் நிறைந்த கண்களிலிருந்தும், கை நிற்கும் உயரத்திலிருந்தும், மணிக்கட்டின் சாய்விலிருந்தும் வாசகர் தாமே உடலைக் கட்டியெழுப்பிக்கொள்கிறார். அடர்ந்த கருமையும் வெட்டென வரும் வெளிச்சமும் கொண்ட அந்த இரவுக் காட்சிகள் எவ்விதச் சிறுபிள்ளைத்தனமும் அற்றவை. விஞ்ஞானப் புனைகதையில் எழுத்து விளக்கத்தால் நம்பவைக்க முயல்வதை இங்கே கோடு காட்டி நம்பவைக்கிறது.

கைமாத்திரம் தெரிய மனிதன் மறைந்துபோகும் இவ்வுருவகம் அதை உற்பத்தி செய்த தொழிலின் நிலைமையை, படைத்தவர்கள் கருதினரோ இல்லையோ, அப்படியே காட்டிநிற்கிறது. பிளாஸ்கோவின் கை செய்த வேலை வாரந்தோறும் இலட்சக்கணக்கான கண்களுக்குத் தெரிந்தது, பிளாஸ்கோ தெரியவில்லை. உழைப்பின் விளைபொருள் உழைப்பவனுக்கு அந்நியமான பொருளாய் எதிரே நிற்பதைப்பற்றி 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் கூறியது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று.

ஆங்கிலத் தலைப்பை நேரே பெயர்த்தால் 'எஃகு உகிர்' என்றாகும். விலங்கின் நகத்தையே அது நினைவூட்டும். தமிழாக்கியோர் அதனைக் கையாக்கினர், மாயாவியையும் சேர்த்தனர். விக்கிரமாதித்தன் கதையும் மாயாபஜாரும் அறிந்த வாசகனுக்கு மின்சாரத்தால் மறைபவன் மந்திரத்தால் மறைபவனின் உறவினனாயினான். இதனை விஞ்ஞான நோக்கின் தோல்வி என்று எம்மிற் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. மாயமும் மின்சாரமும் ஒரே பெயரில் இணைந்தமையாற்றான் அந்நியக் கதையொன்று கிராமத்துப் பள்ளிப்பிள்ளைக்கும் தன் கதையாயிற்று.

சிவகாசியிற் சித்திரக்கதை பிறந்தமையும் தற்செயலன்று. தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டும். பட்டாசுக்கு வண்ண உறை வேண்டும். இவ்விரு தொழில்களின் தேவைக்காக வளர்ந்த அச்சகங்கள் பின் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிட்டன. படத்தை மலிவாக, பெருந்தொகையாக அச்சிடும் திறன் அவ்வூரில் ஏலவே திரண்டிருந்தது. முத்து காமிக்ஸ் அதன்மேல் எழுந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அவ்வாறே. ஆங்கில வசனங்களை அகற்றித் தமிழ் எழுத்துகளைக் குமிழிகளுக்குள் அடக்கியோர், பக்கங்களை ஒட்டிச் சேர்த்தோர், அட்டைக்கு நிறந்தீட்டியோர் ஆகியோரும் இந்நூல்களின் வடிவமைப்பாளர்களே. தமிழ் எழுத்து அகலம் கூடியது. ஆங்கிலக் குமிழியோ சிறியது. வசனத்தின் சுருக்கமும் ஓசையும் பல இடங்களில் இந்த நெருக்கடியின் விளைவே.

அதே ஊரின் தீப்பெட்டித் தொழிலிற் சிறுவரும் சிறுமியரும் வேலைக்கமர்த்தப்பட்டிருந்தனர் என்பதை இங்கு கூறாமல் விடமுடியாது. சிவகாசிச் சிறுவர் உழைப்பைப்பற்றி இந்திய உச்சநீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது 1996 டிசம்பரிலேயே. ஒரே நகரம் ஒருபுறம் பிள்ளைகளுக்கான கதைகளை அச்சிட்டது; மறுபுறம் வேறு பிள்ளைகளின் விரல்களைத் தீக்குச்சி அடுக்கப் பயன்படுத்தியது.

பிரித்தானியாவில் நிலைமை மாறியமைக்கு இரண்டு குறிகளைச் சுட்டலாம். 1977இல் வெளிவரத் தொடங்கிய '2000 ஏடி' இதழ் எழுதியோர், வரைந்தோர் பெயர்களை அச்சிடலாயிற்று. அடுத்த தலைமுறையில் ரையன் ஹியூஸ் போன்ற வரைகலை வடிவமைப்பாளர் தோன்றினர். கிராண்ட் மொரிசனின் எழுத்துக்கு 1990–91இல் ஹியூஸ் வரைந்த 'டேர்', 1950இல் 'ஈகிள்' இதழில் பிராங்க் ஹாம்சன் படைத்த விண்வெளி வீரன் டான் டேரை மூப்படைந்தவனாகக் காட்டி, தட்சர் ஆட்சியை ஒத்த ஓர் ஆட்சியின் தேர்தல் விளம்பர முகமாக அவன் விலைபோவதைச் சொல்கிறது. ஹாம்சனும் தம் படைப்பின் உரிமையைப் பதிப்பகத்திடம் இழந்தவர் என்பதை அறிந்து வாசிக்கையில் அந்நூலின் கசப்பு இரட்டிக்கிறது. ஹியூஸ் 2020இல் வெளியிட்ட 'எக்ஸ்எக்ஸ்' நாவலில் எழுத்துருக்களும் பக்க அமைப்புமே கதைசொல்லும் கருவிகள். எழுதியவரும் வடிவமைத்தவரும் அங்கு ஒருவரே. டான் டேரின் தொடக்க காலத்தில் விஞ்ஞான ஆலோசகராக இருந்த ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த கொழும்பிலேயே அதே பிரித்தானிய இதழியலின் மற்றொரு விளைபொருளைத் தமிழ்ப் பிள்ளைகள் மாயாவியின் பெயரில் வாசித்துக்கொண்டிருந்தனர்.

எமது முற்போக்கு விமர்சனம் இவற்றை எவ்வாறு நோக்கிற்று? தென்னிந்திய வணிக ஏடுகளின் வரவைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் போராடினர். 1970–77 காலத்து ஐக்கிய முன்னணி ஆட்சியில் அத்தகைய கட்டுப்பாடு வந்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்த வீரகேசரிப் பிரசுரங்கள் ஈழத்து நாவலுக்குப் புதிய சந்தையைத் தந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அக்கோரிக்கை நியாயமானது, அதனை இன்றும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் 'நச்சிலக்கியம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்தமை விமர்சனமாகாது. தடைக்கு ஆதரவாகப் பேசிய வீடுகளிலேயே பிள்ளைகள் கைமாறிக் கைமாறிக் கிழிந்த மாயாவிப் பிரதிகளைப் பாடநூலுக்குள் மறைத்து வாசித்திருப்பர் என்று எண்ண இடமுண்டு. பொருளியல் நோக்கில் உற்பத்தி உறவுகளைப்பற்றி அவ்வளவு பேசிய நாம், ஒரு சித்திரநூலை யார் என்ன கூலிக்கு வரைந்தார் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை.

அக்கேள்விக்கு எம்மிடையே மாற்று விடையொன்று இருந்தது. கரவெட்டியிற் பிறந்து, பம்பாயிற் கருத்தோவியம் வரைந்து பழகி, கொழும்பில் 1963இல் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கிய சி. சிவஞானசுந்தரம் தாமே வரைந்தார், தாமே எழுதினார், தாமே ஆசிரியராக இருந்தார். 'சவாரித் தம்பர்', 'மிஸ்டர் அன் மிஸிஸ் டாமோடிரன்' முதலிய பாத்திரங்கள் கொழும்பு நடுத்தர வர்க்கத்தின் போலி நாகரிகத்தையும் யாழ்ப்பாணத்தின் பழம்பெருமையையும் ஒருங்கே எள்ளின. விஞ்ஞானப் புனைகதையின் விரிவு அவரிடம் இல்லை. பிளாஸ்கோவின் கோட்டு வன்மையும் இல்லை. அச்சு வசதியும் பணமும் எப்போதும் குறைவே. பின்னர் இதழ் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. அவர் 1996இல் மறைந்தார். ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'சுந்தர்' என்ற ஒப்பம் இருந்தது. ஈழத்து வாசகர் அவரைச் 'சிரித்திரன் சுந்தர்' என்றே அழைத்தனர்.

பிளீற்வேயின் பழைய சித்திரக்கதைகளின் உரிமை பல நிறுவனங்களின் கைமாறி, 2018இல் ஒக்ஸ்ஃபோர்ட்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனத்திடம் சேர்ந்தது. அதன் மறுபதிப்புகளில் பல்மர், ரல்லி, பிளாஸ்கோ ஆகியோரின் பெயர்கள் அச்சாகின்றன. சிவகாசியில் ஆங்கில வசனத்தை அழித்துத் தமிழை எழுதியவர்களின் பெயர்களைச் சேகரிக்கும் வேலை இனித்தான் தொடங்கப்படவேண்டும்.